ஒரு மென்பொருளும் ஒரு செயலியும்

கணினியில் உட்செயலிகள் பல இருப்பினும், மென்பொருளொன்றை அவற்றுள் ஒன்றனோடு மட்டும் பிணைத்துவிட்டால் அது விரைந்து இயங்கும் என்னும் கூற்று எம் விடுதி மாணவரிடையே வழங்கி வருகின்றது. 2011ஆம் ஆண்டு அரசினர் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழித் தமையனாரோ தமக்கையாரோ பெற்ற பழம்பொறியையே திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் எம்மனோர் சிலர் இன்னும் கையாளுகின்றனர். புதியது வாங்கப் பொருளில்லாதார்க்குச் செலவின்றிக் கிட்டும் விரைவு சிறிதன்று. ஆதலின் இக்கூற்றை ஆராயப் புகுந்தோம்.

பிணையாதவிடத்து நிகழ்வது யாது? எந்த உட்செயலி ஓய்ந்திருக்கின்றதோ அதனிடம் இயங்குதளம் வேலையை ஒப்புவிக்கின்றது. ஒவ்வோர் உட்செயலியின் அருகிலும் கேஷ் எனப்படும் சிறு நினைவகம் உண்டு. நிரல் அண்மையில் எடுத்தாண்டவை அதன்கண் கிடக்கும். இடம் மாறின், அவற்றைத் தொலைவிலுள்ள பெருநினைவகத்தினின்று மீளக் கொணர்தல் வேண்டும். இத்தொல்லையைத் தவிர்த்தலே பிணைப்பின் பயன். ஆயின் இக்காலத்து இயங்குதளங்கள், இயன்றவரை முன்னிருந்த உட்செயலியிலேயே நிரலை வைக்கத் தாமே முயல்வன. எனவே எஞ்சும் ஆதாயம் பெரும்பாலும் சொற்பமே.

இழப்போ வெளிப்படை. எம் துறைமுகத்தில் 1983ஆம் ஆண்டு முதல் கொள்கலன்கள் தனி முனையத்தில் ஏற்றி இறக்கப்படுகின்றன. எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாய்க் காத்துக் கிடப்பதை இராயபுரத்தார் அறியாதவரல்லர். இன்ன லாரி இன்ன பாரந்தூக்கிக்கே உரியது என விதிப்போமாயின், அயலில் வேறொன்று வாளா நின்றாலும் அவ்லாரி நகரலாகாது. மேலும், பிணைத்தல் வேறு, ஒதுக்குதல் வேறு. நம் நிரல் ஓர் உட்செயலியைவிட்டு அகலாதேயன்றிப் பிற நிரல்கள் அங்கு வாராமல் நில்லா. நண்பர் பலர் மயங்குமிடம் இதுவே.

எமக்கு இவ்வாராய்ச்சி வேண்டியதாயிற்று, என்னை? தொட்டால் உதிரும் பழைய தமிழ்ச் சஞ்சிகைத் தொகுதிகள் சிலவற்றைப் படமெடுத்து, டெசராக்ட் என்னும் மென்பொருளால் எழுத்தாக்கி வருகின்றோம். தாள் முற்றும் பொடியாகுமுன் பணி முடிதல் வேண்டும். 2018இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பு முதல், ஒரு பக்கத்தின்மேலேயே நான்கு இழைகள் வரை ஒருங்கே உழைக்கின்றன. டாஸ்க்செட் என்னும் லினக்ஸ் கட்டளையால் அதனை ஒரே உட்செயலியில் பிணைத்தோம். நான்கு இழைகளும் ஒரே இருக்கைக்கு முட்டிக்கொள்ள, வேலை முன்னினும் தாழ்ந்தது. பின்னர், பக்கமொன்றுக்கு இழையொன்று என வரையறுத்து, நான்கு பக்கங்களை ஒருங்கே செலுத்தினோம். பணி நன்கு விரைந்தது. ஓரிழை மற்றோரிழைக்காகக் காத்திருத்தல் ஒழிந்தமையே காரணம். அந்நான்கனையும் தனித்தனி உட்செயலியில் பிணைத்தும் பார்த்தோம். கண்ணுக்குப் புலனாகும் வேற்றுமை யாதுமில்லை.

பிணைப்பு முற்றும் பயனற்றதெனக் கூறோம். இரண்டு செயலிகளும் ஒவ்வொன்றுக்குரிய தனி நினைவகமும் உடைய பெரிய வழங்கிகளில், நிரலை அதன் தரவுக்கு அண்மையில் நிறுத்துதல் மெய்யாகவே உதவும். ஓருட்செயலிக் காலத்துப் பழைய விளையாட்டுகள் சில, பல உட்செயலிகளில் தடுமாறியபோதும் பிணைப்பே மருந்தாயிற்று; அது விரைவுக்கன்று, ஒழுங்குக்கு.

மடிக்கணினியில் உட்செயலி இரண்டேயுள்ள தோழர் இவ்விரண்டு பக்கங்களாகவும், யாம் நந்நான்காகவும் அனுப்பி வருகின்றோம். பிணைப்புக் கட்டளையை நீக்கிவிட்டோம். தொகுதிகள் இன்னும் மூன்று உள.