ரிச்சி தெருவுக்குப் போய் வந்தோம்!

பட்டுப் புடவைக்குத் தி.நகர், காய்கறிக்குக் கோயம்பேடு, மளிகையை மொத்தமாக வாங்க வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம்... இப்படிச் சென்னையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பேட்டை உண்டு. இதெல்லாம் நமக்குத் தலைகீழ்ப் பாடம். புடவையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தே விலையைச் சொல்லிவிடுவோம். ஆனால் பிள்ளை கல்லூரியில் சேர்ந்து, "அம்மா, லாப்டாப் வேணும்" என்று சொன்னால் மட்டும் அப்பா பக்கம் திரும்பி நின்றுவிடுகிறோம். ஏன் அப்படி? வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கத் தெரிந்தவளுக்கு இதுவும் தெரியாமல் போகாது!

என் தங்கை திருவள்ளூரில் தையல் தைத்துக் குடும்பம் நடத்துகிறாள். அவள் மகளுக்கு பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸில் இடம் கிடைத்தது. அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் பெண். ஏலச்சீட்டு எடுத்த பணம் 40,000 ரூபாயைத் துணிப்பையில் சுற்றி வைத்துக்கொண்டு, "அக்கா, நீயும் கூட வா. இது ஒரு தடவைதான். மூணு வருஷம் ஓடணும்" என்றாள். மூன்று பேருமாக ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டோம்.

தறிப்பேட்டையின் பக்கத்திலே

திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் வந்தால் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கலாம். 1985-ல் தீயில் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட்டின் பெயர்தான் அது. அங்கிருந்து மெட்ரோ ரயிலில் அடுத்த ஸ்டேஷனே அரசினர் தோட்டம். வெளியே வந்தால் அண்ணா சாலை. கொஞ்ச தூரம் நடந்தால் கேசினோ தியேட்டர் பக்கம், ரிச்சி தெரு.

இதை ஒட்டி இருப்பது சிந்தாதிரிப்பேட்டை. 1734-ல், பிட் என்ற கவர்னர் காலத்தில், நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர். 'சின்னத் தறிப்பேட்டை'தான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்று சொல்வார்கள். தறி ஓசை கேட்ட இடத்துக்குப் பக்கத்தில் இப்போது கீபோர்டு ஓசை!

ரிச்சி தெரு என்பது ஒரே தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று சுற்றியுள்ள சந்துகள் எல்லாம் சேர்ந்ததுதான். ரேடியோ உதிரிப் பாகம் விற்ற கடைகள், பிறகு டி.வி., டேப் ரிக்கார்டர், அதன் பிறகு கம்ப்யூட்டர், செல்போன் என்று காலத்தோடு சேர்ந்து மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒயர் கட்டுகள் தோரணமாய்த் தொங்குகின்றன. இரு சக்கர வண்டிகள் நம் புடவையை உரசிக்கொண்டு போகின்றன. "என்ன வேணும் மேடம்? லாப்டாப்பா, சர்வீஸா?" என்று நாலு பக்கமும் அழைப்பு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு லீவு. வார நாளில் காலை 11 மணிக்குப் போனால் நின்று நிதானமாகப் பேசலாம்.

கிளம்பும் முன்னே

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய காரியம் இரண்டு உண்டு.

முதலாவது, கல்லூரியில் விசாரிப்பது. தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச லாப்டாப் கொடுக்க ஆரம்பித்தது நினைவிருக்கும். 2025 மார்ச் மாத பட்ஜெட்டில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லாப்டாப் அல்லது டாப்லெட் கொடுப்பதாக அறிவித்தார்கள். உங்கள் பிள்ளைக்கு அது உண்டா என்று ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், சீட்டுப் பணம் ஹாஸ்டல் ஃபீஸுக்காவது ஆகும்! எங்கள் பெண்ணின் கல்லூரி சுயநிதிக் கல்லூரி. "இங்கே அப்படி ஒண்ணும் வரல்லே" என்றார்கள். சரி என்று நாங்களே இறங்கினோம்.

இரண்டாவது, படிப்பு என்ன என்பது. பி.ஏ., பி.காம். என்றால் கட்டுரை எழுத, கணக்குப் போட, பாடம் பார்க்க, சாதாரண லாப்டாப் போதும். பி.காம். பிள்ளைகளுக்கு டாலி வேண்டியிருக்கும். அது குரோம்புக்கில் நேரடியாக ஓடாது, விண்டோஸ்தான் வாங்க வேண்டும். புரோகிராம் எழுதும் படிப்பு என்றால் மெமரி கொஞ்சம் தாராளமாக வேண்டும். கட்டடக் கலை, அனிமேஷன் போன்றவற்றுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படலாம். இதைச் சீனியர் பிள்ளைகளிடமோ ஆசிரியரிடமோ கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு இல்லாமல் மளிகைக் கடைக்குப் போவோமா?

சமையலறைக் கணக்கு

கடைக்காரர் பத்துப் பெயர் சொல்வார். பயப்படாதீர்கள். நான் என் தங்கைக்கு ரயிலிலேயே சொன்னது இதுதான்.

புராசஸர் என்பது அடுப்பு. ரேம் என்பது சமையல் மேடை. எஸ்.எஸ்.டி. என்பது சாமான் அலமாரி. மேடை குறுகலாக இருந்தால் அடுப்பு எவ்வளவு எரிந்தும் பிரயோஜனம் இல்லை. ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை நறுக்க முடியும். ஆகவே ரேம் 8 ஜி.பி.க்குக் குறையவே கூடாது. 16 இருந்தால் உத்தமம். அலமாரி 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும். 'இ.எம்.எம்.சி.' என்று போட்டிருந்தால் அது மந்தம், வேண்டாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ளதும் வேண்டாம்.

அடுப்பில் இன்டெல் ஐ3 அல்லது ஐ5, இல்லையென்றால் ஏ.எம்.டி. ரைசன் 3 அல்லது 5. செலரான் என்றால் மூன்று வருஷம் தாங்குவது சிரமம். ரைசன் 7000 வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. நாலு இலக்கத்தில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7520 என்றால் உள்ளே இருப்பது இரண்டாவது தலைமுறை வடிவமைப்பு. 7530 என்றால் மூன்றாவது. எண்ணில் பத்துதான் வித்தியாசம். சரக்கில் ஒரு தலைமுறை வித்தியாசம்!

கடையிலே

முதல் கடையில் பையன் எடுத்த எடுப்பில் கேமிங் லாப்டாப்பைக் காட்டினான். கீபோர்டில் சிவப்பும் நீலமுமாக விளக்கு. பெண்ணின் கண்ணும் அதோடு சேர்ந்து மின்னியது! "மீதிப் பணத்தை ஈ.எம்.ஐ.யிலே போட்டுக்கலாம் மேடம்" என்றான். நான் பேசவில்லை. "தூக்கிப் பாரடி" என்றேன். இரண்டு கிலோவுக்கு மேலே கனம், சார்ஜர் வேறு தனிக் கனம். தினம் திருவள்ளூர் ரயிலில் நின்றுகொண்டே வர வேண்டிய பெண். "பாட்டரி எத்தனை மணி நேரம் தம்பி?" என்று அவளே கேட்டாள். அவன் சிரித்து மழுப்பினான். அவளே கீழே வைத்துவிட்டாள்.

இரண்டாவது கடையில் விலை குறைவு. ஆனால் உள்ளே விண்டோஸ் இல்லை. "நாங்களே போட்டுத் தர்றோம்" என்றார்கள். லைசென்ஸ் இல்லாமல் போட்டுத் தருவது திருட்டுச் சரக்கு. வைரஸும் கூடவே குடிவரலாம். அதோடு, "பில் வேண்டாம்னா இன்னும் 1,500 குறைச்சுக்கலாம்" என்றார்கள். பில் இல்லாவிட்டால் நாளைக்கு வாரண்டிக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது? கும்பிடு போட்டுவிட்டு வந்தோம்.

மூன்றாவது கடையில் வயதானவர் ஒருவர் இருந்தார். அவரிடம் இரண்டு மாடல் நம் விலைக்குள் இருந்தன. ஒன்றில் ரைசன் 5, பளபளவென்ற மேல் மூடி. ஆனால் ரேம் 8 ஜி.பி., போர்டிலேயே பற்றவைத்தது. பிற்பாடு கூட்ட வழியில்லை. இன்னொன்றில் ஐ3, பார்க்க எளிமை. ரேம் அதே 8. ஆனால் காலியாக ஒரு இடம் இருக்கிறது. வேண்டும்போது இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம்.

பெண் முதலாவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை வாயே திறக்காத என் தங்கை அப்போதுதான் கேட்டாள்: "ஐயா, மூணாவது வருஷம் இது நின்னு போச்சுன்னா, எங்கே தூக்கிட்டுப் போகணும்? திருவள்ளூருக்கு ஆள் வருவாங்களா? நான் ஒரு நாள் தையலை விட்டுட்டு மெட்ராஸ் வரணுமா?"

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கேள்வியை இங்கே யாரும் கேக்கிறதில்லம்மா" என்றார். பளபளப்பானதற்கு சர்வீஸ் சென்டருக்கு நாமே கொண்டுபோக வேண்டும். எளிமையானதற்கு ஒரு வருஷம் வீட்டுக்கே ஆள் வருவார். அந்த ஒரு வருஷம் முடிவதற்குள் பணம் கட்டி வாரண்டியை நீட்டிக்கொள்ளலாம். கீழே விழுந்து உடைந்தால், தண்ணீர் கொட்டினால் மட்டும் வாரண்டியில் வராது. அதற்குத் தனித் திட்டம்.

"பெரியம்மா, ரெண்டாவதே இருக்கட்டும். ரேம் அப்புறம் போட்டுக்கறேன்" என்றாள் பெண். 2025-ன் கடைசியில் உலகம் முழுக்க மெமரி விலை ஏறியது. 16 ஜி.பி.யாகவே வாங்கினால் எங்கள் கணக்கு மீறிவிடும். காலி இடம் இருப்பதே இப்போதைக்கு லாபம். 38,900-க்குப் பேசி முடித்தோம்.

பணம் கொடுக்கும் முன்னே

பெட்டியின் சீல் நம் கண் முன்னே உடைய வேண்டும். ஆன் செய்து, செட்டிங்ஸில் 'அபௌட்' என்ற பக்கத்தைத் திறந்து புராசஸர், ரேம் இரண்டும் சொன்னபடி இருக்கிறதா என்று பாருங்கள். திரையைச் சற்றுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நிறம் வெளுத்துப் போகாமல் இருந்தால் நல்ல திரை, அதை ஐ.பி.எஸ். என்பார்கள். எல்லா எழுத்தையும் ஒரு தரம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காமிரா, ஸ்பீக்கர், சார்ஜர் மூன்றையும் சோதியுங்கள்.

சொன்ன விலையில் 18 சதவிகித ஜி.எஸ்.டி. அடக்கமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண், லாப்டாப்பின் சீரியல் எண் இரண்டும் இருக்க வேண்டும். அந்த சீரியல் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு, வாரண்டி எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். தேதி முந்தியிருந்தால் பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம்.

பழசு வாங்கலாமா?

தாராளமாக! பெரிய ஆபீஸ்களில் உபயோகித்துத் திருப்பிக் கொடுத்த லாப்டாப்கள் இந்தத் தெருவில் நிறைய. திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் போன்றவை ஆபீஸ் உழைப்புக்கென்றே செய்தவை. பணம் இன்னும் குறைவாக உள்ளவர்களுக்கு மட்டமான புதுசைவிட நல்ல பழசு மேல்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டும். இன்டெல் ஐ வரிசை என்றால் 8-ம் தலைமுறைக்குக் கீழே வாங்காதீர்கள். அடுத்தது, "பாட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். புதிதில் 50,000 பிடித்த பாட்டரி இப்போது 25,000-தான் பிடிக்கிறது என்றால் பாதி உயிர் போய்விட்டது என்று அர்த்தம். புது பாட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். கடையின் வாரண்டியை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மிச்சப் பணத்தில் ஒரு மவுஸ், தனியாக ஒரு கீபோர்டு, ஒரு உறை வாங்கினோம். தனி கீபோர்டு எதற்கு என்கிறீர்களா? லாப்டாப்பை மடியில் வைத்துக் குனிந்தே இருந்தால் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும். நாலு கனமான புத்தகத்தின் மேல் லாப்டாப்பை வைத்துத் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, கீபோர்டைக் கீழே வைத்து அடித்தால் முதுகு நிமிர்ந்திருக்கும். 20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 அடி தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை 20 விநாடி பார்த்தால் கண்ணுக்கு ஓய்வு. தலையணை, மெத்தை மேல் வைக்கக் கூடாது. காற்றுத் துவாரம் அடைத்து உள்ளே சூடேறும்.

எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸ் எவருக்கும் இலவசம். பல கல்லூரிகளில் மாணவர்களுக்கு ஈமெயில் முகவரி கொடுத்து மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் இலவசமாகக் கிடைக்கச் செய்கிறார்கள். காசு கொடுக்கும் முன் விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று, சகோதரிகளே. கடைக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். உபயோகிக்கப் போகிறவள் அவள். மாடல் பெயரும் நம்பரும் அவளே பேசட்டும். எத்தனை நாள் உழைக்கும், கெட்டுப்போனால் யார் வருவார்கள், பில் எங்கே என்ற கேள்விகளை மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். மிக்ஸி வாங்கும்போது நாம் எப்போதும் கேட்கிற கேள்விகள்தானே அவை!