நாலு மீட்டருக்குள்ள ஒரு ரவுண்டு!

ஆஃபர் லெட்டர் கையில வந்தாச்சு. ‘ஒரு கார் எடுத்தா என்னடா?’ன்னு வீட்டுலயும் பேச்சு ஆரம்பிச்சாச்சு. உங்க கண்ணோ காம்பாக்ட் எஸ்.யூ.வி. மேல. சரிதானே? அப்போ ஷோரூம் ஏ.சி.யில போய் உட்கார்றதுக்கு முன்னாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரோட வண்டியில இந்த ரூட்ல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. தாம்பரம், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, பூந்தமல்லி. அரை நாள் போதும். நீங்க வாங்க நினைக்கிற வண்டிகள்ல சிலது இந்த வட்டத்துக்குள்ள பிறந்ததுதான்.

பெருங்களத்தூர்லயே முதல் பாடம். ஞாயிறு காலைங்கறதால இப்ப காலியா இருக்கும். இதே இடத்தை தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் நினைச்சுப் பாருங்க. இடது கால் கிளட்சை மிதிச்சு மிதிச்சு ஓய்ஞ்சுடும். தினமும் இப்படி ஒரு ரோட்டுல ஆபீஸ் போறவங்களுக்கு எத்தனை குதிரை சக்தி என்பதைவிட என்ன கியர் பாக்ஸ் என்பதுதான் முக்கியம். ஏ.எம்.டி.ன்னா அது மேனுவல் கியர் பாக்ஸேதான். கிளட்சை நம்ம காலுக்குப் பதிலா ஒரு கருவி அழுத்தும், அவ்வளவுதான். விலை கம்மி. ஆனா கியர் மாறும்போது தலை லேசா முன்னே பின்னே ஆடும். மேக்னைட், கைகர் டர்போ மாடல்கள்ல இருக்கிற சி.வி.டி.யில அந்த ஆட்டம் கிடையாது. பிரெஸ்ஸாவுல இருக்கிற ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டரும் வழவழன்னு போகும். காசு கொஞ்சம் கூடும்தான். என்னைக் கேட்டா, சன்ரூஃபுக்குக் கொடுக்கிற காசை இதுக்குக் கொடுங்க. சென்னை வெயில்ல சன்ரூஃபைத் திறந்துட்டு யார் போறாங்க?

மறைமலை நகர் வந்தாச்சு. 2013-ல ஃபோர்டு எக்கோஸ்போர்ட் இங்கேதான் தயாராச்சு. நீளம் 3,999 மில்லிமீட்டர்! அந்த ஒரு மில்லிமீட்டர் சும்மா விட்டதில்ல. 2006 பட்ஜெட்ல நாலு மீட்டருக்கு மேல போகாத, 1,200 சி.சி.க்குள்ள பெட்ரோல் இன்ஜின் (டீசல்னா 1,500) உள்ள வண்டிக்கு உற்பத்தி வரியை 24-ல இருந்து 16 சதவீதமாக் குறைச்சாங்க. அதுல இருந்து எல்லாக் கம்பெனியும் ஸ்கேலும் கையுமா உட்கார்ந்துட்டாங்க. 2025 செப்டம்பர் 22 முதல் இந்தச் சின்ன வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைத் தாண்டினா 40. பிரெஸ்ஸா நீளத்துல பாஸ், ஆனா பெட்ரோல் இன்ஜின் 1,462 சி.சி. அதனால 40-லதான் மாட்டுது. ஃபோர்டு 2021-ல இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தப் போறதா அறிவிச்சது தனிக் கதை. அந்த கேட்டைத் தாண்டும்போது மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

ஆக, வரிக்கு ஏத்த மாதிரி தைச்ச சட்டை இது. தார், ஜிம்னி மாதிரி விதிவிலக்குகளை விடுங்க. நாம பேசுற மத்ததெல்லாம் முன் சக்கரத்துல மட்டும் இழுக்கிற, கொஞ்சம் உயரமான ஹேட்ச்பேக். காடு மலையெல்லாம் விளம்பரத்தோட சரி.

சிங்கப்பெருமாள் கோவில்ல வலது பக்கம் திரும்பினா ஒரகடம் ரோடு. கன்டெய்னர் லாரி, கார் ஏத்திப் போற நீள டிரெய்லர். மேக்னைட்டும் கைகரும் ஒரகடத்துப் பிள்ளைங்க. மூணு சிலிண்டர், ஒரு லிட்டர். டர்போ இல்லாதது 72 பி.எஸ்., டர்போ 100. நீங்க ஒருத்தரே போனா 72 போதும். அஞ்சு பேர், ஏ.சி., முன்னாடி ஒரு டிரெய்லர்... அப்ப ஓவர்டேக் ஆசையை அடக்கிக்கணும். வித்தியாசம் இந்த ரோட்டுலதான் புரியும், ஷோரூமைச் சுத்தி ரெண்டு நிமிஷம் ஓட்டினா புரியாது.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டை. 2019-ல வென்யூ, 2023-ல எக்ஸ்டர் இங்கிருந்து வந்தது. (2025 நவம்பர்ல வந்த புது வென்யூ புனே பக்கம் தளேகாவ்ல தயாராகுது.) எக்ஸ்டரோட அகலம் 1,710 மி.மீ., மஹிந்திரா 3எக்ஸ்ஓ 1,821. பதினோரு சென்டிமீட்டர் என்ன பெருசுன்னு கேக்காதீங்க. பின் சீட்ல அப்பா, அம்மா, பாட்டி மூணு பேரும் தோள் இடிக்காம உட்கார 3எக்ஸ்ஓ சுகம். ஆனா திருவல்லிக்கேணி சந்துல, ரெண்டு பக்கமும் பைக் நிக்கும்போது, அதே பதினோரு சென்டிமீட்டருக்கு நீங்க கண்ணாடியை மடக்கிக்கிட்டு வேர்த்துப் போவீங்க.

தரையில இருந்து உயரம்? நெக்ஸான் 208, பிரெஸ்ஸா 198, எக்ஸ்டர் 185. நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கு இது உண்மையான வரம். முட்டிவலிக்காரங்க குனியாம ஏறி இறங்கலாம், அதுவும் நிஜம். ஆனா இதை வெள்ளத்துக்கான லைசென்ஸ்னு நினைச்சுடாதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி, முடிச்சூர்ல என்ன நடந்ததுன்னு தெரியும். இன்ஜின் மூச்சு விடுற குழாய்க்குள்ள தண்ணி போனா எஸ்.யூ.வி.ன்னு பார்க்காது. நின்னு போன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா உள்ளே போன தண்ணியை அழுத்த முடியாம கனெக்டிங் ராடு வளையும். பில் லட்சத்துல வரும். சாதாரண இன்சூரன்ஸ்ல இதைப் பெரும்பாலும் தரமாட்டாங்க. ‘இன்ஜின் புரொடெக்ட்’னு தனியா கேட்டு வாங்கணும். மழைக்கு முன்னாடியே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்துல நிறுத்தின வேளச்சேரிக்காரங்களைப் பார்த்து சிரிச்சவங்க உண்டு. எனக்கு அவங்கதான் புத்திசாலிங்க.

பூந்தமல்லி வந்துட்டா ரூட் முடிஞ்சது. டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்க வீட்டுக்கே வரச் சொல்லுங்க, கேட்டா அனுப்புவாங்க. உங்க தெருவுல ஒரு யூ டர்ன் அடிங்க. ரிவர்ஸ்ல உங்க கேட்டுக்குள்ள விடுங்க. பாட்டியைப் பின்னாடி உட்கார வெச்சு ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்தி இறக்குங்க. அவங்க முகத்தைக் கண்ணாடியில பார்த்துட்டு, அப்புறமா இ.எம்.ஐ. கணக்கு போடலாம்.