கோபால்ட் போத்தல்

உம்மா எங்கள் சீருடைகளைப் பின்வளவில் காயப்போடுவதில்லை. அங்கேதான் வாப்பாவின் தகரக் கொட்டில். சாய்ந்தமருதுக் கரையில் அடிபட்டு வரும் பைபர் தோணிகளுக்கு அணியமும் பக்கமும் ஒட்டிக் கொடுப்பது அவரது தொழில். ரெசின் நெடி துணியில் ஏறினால் இரண்டு கழுவலுக்கும் போகாது. தரம் ஒன்பதில் பக்கத்திலிருந்தவள், "உன்ட பர்தாவுல பெயின்ட் மணக்குது" என்றாள். அன்றே உம்மா முன்வாசலில் கயிறு கட்டினார்.

கண்ணாடிநார் மெட்டை விரித்து, ரெசினைத் தூரிகையால் ஊட்டி, காற்றுக்குமிழ் போக உருளையால் உருட்ட வேண்டும். ரெசின் இறுகுவதற்கு ஹார்ட்னர். ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் வரை போதும். வாப்பா அளப்பது போத்தல் மூடியால்.

போன வருடம் ஒருநாள், மழைக்கு முன் முடிக்கும் அவசரத்தில் மூடிக்கணக்கும் தப்பிவிட்டது. அரை வாளி கலந்து வைத்துவிட்டு, தொலைபேசியில் பேச வாசலுக்குப் போனார். நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது வாளியிலிருந்து வெள்ளைப் புகை. அடி உருகி நெளிந்திருந்தது. என் சத்தம் கேட்டு ஓடிவந்தவர், மண்வெட்டியால் அதை வெளியே மணலுக்குத் தள்ளினார்.

புறவெப்பத் தாக்கம் என்று எழுதி நான் புள்ளி வாங்கிய விடயம்தான் அது. மெல்லிதாகப் பரப்பினால் சூடு வெளியேறும்; வாளியில் குவிந்து கிடந்தால் எங்கே போகும்?

பிறகுதான் தட்டைப் பார்த்தேன். ஹார்ட்னர் ஒரு பரவொட்சைட்டு. அதை உரசியபடி ஊதா நிறக் கோபால்ட் போத்தல். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னர் சேர்க்க வேண்டும். இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

"வாப்பா, இது ரெண்டையும் ஒண்டா வைக்கக்கூடா."

"இருவது வருஷமா வெச்சிருக்கன் மகள். அல்லாஹ் காப்பாத்திட்டுத்தான் இருக்கான்."

ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன ஹதீஸை எங்களுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். அதை அவரிடமே திருப்பிச் சொல்ல நா வரவில்லை. "ஹார்ட்னர் கண்ணுல தெறிச்சா பார்வை போயிரும்" என்று மட்டும் சொன்னேன். பதில் இல்லை.

மறுநாள் கோபால்ட் கதவருகே தனியாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. தம்பியின் பாணி மருந்துக் கோப்பையை அளவுக்கு எடுத்துக் கொடுத்தேன். உம்மா அதில் 'மருந்துக்கல்ல' என்று கறுப்பு மையால் எழுதினார். கண்ணாடியும் போடுகிறார். முகமூடிதான் பிரச்சினை. கொரோனாக் காலத்துத் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. வடிகட்டி வைத்த முகமூடிக்கு என் ரியூஷன் காசைத் தருகிறேன் என்றேன். அன்று வாப்பா என்னோடு பேசவே இல்லை.

கடல் பக்கத் தகரத்தை மட்டும் கழற்றிவிட்டார். இப்போது காற்று நன்றாக வருகிறது. அடித்தால் நெடி முன்வாசல்வரை வருகிறது. உம்மா ஏசிக்கொண்டே கயிற்றை மறுபடி மாற்றிக் கட்டியிருக்கிறார்.