கடமைக்கு இடையூறு

எங்கட ஊர் இலங்கைத்துறை. களப்பும் கடலும் சேர்ற இடம். நான் ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்த வருசம் பெரியமாமாவைப் பொலிஸ் பிடிச்சது. வலையைச் சோதிக்க வந்தவரிடம் "என்ன காரணத்துக்கு சேர் பாக்கிறீங்கள்?" எண்டு கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். வழக்கு: அரச ஊழியரின் கடமைக்கு இடையூறு. தண்டனைச் சட்டக்கோவை, 183ஆம் பிரிவு.

வீட்டில எல்லாரும் ஒண்டையேதான் சொன்னார்கள்: "ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டு."

மாமா கேட்கவில்லை. ஒரு சட்டத்தரணி அக்காவிடம் போனோம். அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கு. "நீங்க ஒண்டும் நிரூபிக்கத் தேவையில்ல அண்ணன். வந்தவர் சட்டப்படி தன்ர கடமையைத்தான் செய்தாரா, நீங்கள் வேணுமெண்டே தடுத்தீங்களா எண்டதை அவையள்தான் நிரூபிக்கவேணும். கேள்வி கேட்கிறது தடுக்கிறதில்ல."

நல்ல வாதம். ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் ஒருநாள் தொழில் போனது, பஸ் காசும் போனது. முறைப்பாட்டுக்காரர் வராததால் தவணை தள்ளிக்கொண்டே போனது. நாலாம் தவணையில் மாமா குற்றத்தை ஒத்துக்கொண்டார். செய்யாத குற்றத்தை.

2018 நவம்பர் 28. பாதுகாப்புப் படைகளின் பிரதானி அட்மிரல் ரவீந்திர விஜேகுணரத்ன கொழும்பு கோட்டை நீதவான் முன் சீருடையோடு வந்தார். 2008, 2009இல் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 11 இளைஞர்கள் கடத்தப்பட்ட வழக்கு அது. அவர்களில் சிலர் எங்கட திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள்ள, 'கன் சைட்' எண்ட இடத்தில் அடைக்கப்பட்டிருந்ததாகப் புலனாய்வுத் திணைக்களம் சொன்னது. பிரதான சந்தேகநபருக்கு அடைக்கலம் கொடுத்தார் என்பதுதான் அட்மிரல் மீதான குற்றச்சாட்டு. விளக்கமறியல். டிசம்பர் 5இல் பிணை.

செய்தி பார்த்தபோது எனக்குக் கோபம். 'இவருக்கு எதுக்குப் பிணை?' எண்டு கேட்டேன். பிறகுதான் உறைத்தது: நிரூபிக்கும்வரை நிரபராதி எண்டு மாமாவுக்காக நான் கேட்டதும் இதே விதியைத்தான். அது அட்மிரலுக்கும் உரியது. அவரிடம் அது இருந்தது எனக்குப் பிரச்சினையில்லை. மாமாவிடம் அது நாலு தவணைக்குத்தான் தாக்குப்பிடித்தது எண்டதுதான் பிரச்சினை.

இன்னொன்று, சாட்சி. 2006 ஜனவரி 2, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களின் உடல்களைப் படமெடுத்து, துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை வெளியே காட்டிய ஊடகவியலாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24இல் கொல்லப்பட்டார். சாட்சிகள் பயத்தில் நாட்டைவிட்டுப் போனார்கள். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015இல்தான் வந்தது. 2019 ஜூலை 3இல், போதிய சாட்சியமில்லை எண்டு சந்தேகநபர்கள் 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சியமில்லாமல் நீதவான் வேறென்ன செய்யமுடியும்? சாட்சி சொல்ல ஆளில்லாமல் போனதுதான் அங்கே நீதிக்கு இடையூறு. அதுக்காக ஒருவரும் கூண்டில் ஏறவில்லை.

வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகச் சட்டத்தரணி பிடித்துத் தரும் எண்டு கம்பஸுக்கு வந்தபிறகுதான் அறிந்தேன். போன லீவில் மாமாவிடம் சொன்னேன். வலை பொத்திக்கொண்டே கேட்டார்:

"சட்டத்தரணியைத் தருவினம், சரி. கடலுக்குப் போகாத நாளை ஆர் பிள்ள தாறது?"