புகையில்லா மருந்தும் நாட்டுத் துப்பாக்கியும்

சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே நோக்கினால் கொல்லிமலை மதில்போல் எழுந்து நிற்கும். அம்மலையின் பெயரோடு வேட்டையும் சேர்ந்தே வழங்கி வருகிறது. வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி உடும்பிற் சென்று தைத்ததென வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். வேட்டையில் வீழ்ந்த மானின் கறியை ஓரி தன்னிடம் வந்த பாணர்க்கு ஊட்டியதும் அதே பாட்டில் வருகிறது. அம்பின் வலிமையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், விருந்தை மறந்துவிட்டோம்.

வில் ஓய்ந்த மலையில் நாட்டுத் துப்பாக்கி புகுந்தது. குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, ரவையிட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடுகிற எளிய கருவி அது. சாமையும் தினையும் மரவள்ளியும் விளைந்த காட்டைப் பன்றி உழுதுவிட்டுப் போகாமல் காக்க, பரணில் அதனோடு விழித்திருந்தவர் பலர். ஒரு வேட்டு, ஒரு புகைமண்டலம். புகை கலைந்த பிறகே பட்டதா, தப்பியதா என்பது தெரியும்.

அண்மையில் நம் உறவினர் வீட்டு இளைஞர் ஒருவர், "மாமா, புகையே வராத மருந்தை வாய்வழி இட்டுச் சுடும் துப்பாக்கி அமெரிக்காவில் இருக்கிறதாமே! அந்த மருந்தை நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கியில் போட்டால் என்ன? இந்தப் பழக்கத்தை எப்படித் தொடங்குவது?" என்று வினவினார். கேள்வி விளையாட்டாக வந்தது. ஆனால் அதன் உள்ளே ஒரு கையும் இரு கண்களும் பணயமாக இருந்தன. ஆகவே அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறோம்.

கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவை. நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பே. எரிந்தபின் அதில் பாதிக்கு மேல் திடப்பொருளாக எஞ்சுகிறது. நாம் காணும் புகையும், குழலில் படியும் கசடும் அதுவே. 1884ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டு வேதியியலறிஞர் பால் வியேய் கண்ட புகையில்லா மருந்தோ வேறு இனம். பஞ்சு போன்ற நார்ப்பொருளை நைட்ரிக் அமிலத்தால் மாற்றிப் பெறுவது அது. எரிந்தால் ஏறத்தாழ முழுதும் வாயுவாகும். நம் நீலகிரி அருவங்காட்டில் நூறாண்டுகளுக்கு முன்னரே நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இவ்வினத்து மருந்தைச் செய்வதற்கென்றே எழுந்தது.

இரண்டுக்கும் உள்ள முதன்மையான வேற்றுமை புகையன்று, அழுத்தம். கரிமருந்து ஓரளவு ஒரே சீராக எரியும். புகையில்லா மருந்து அடைபட அடைபட விரைந்து எரியும். விரைந்து எரிய எரிய அழுத்தம் மேலும் ஏறும். கரிமருந்துக்கென அமைந்த குழல் அதனைத் தாங்காது வெடிக்கும். அளவைக் குறைத்துப் போட்டாற் போதும் என்பதும் பொய்க்கணக்கே. அமெரிக்காவில் சாவேஜ் நிறுவனம் 2000ஆம் ஆண்டையொட்டி விற்பனைக்குக் கொணர்ந்த துப்பாக்கி, இந்த அழுத்தத்திற்கெனவே உறுதியான எஃகில் செய்யப்பட்டது. அதற்கும் குறித்த மருந்து, குறித்த நிறை என்னும் கட்டுப்பாடு உண்டு. ஊர்ப் பட்டறையில் நீர்க்குழாயை அறுத்துச் செய்த குழலுக்கு அந்த உறுதி எங்கிருந்து வரும்?

இனி வேட்டை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991இல் வந்த திருத்தமும் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்துவிட்டன. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதே 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி குற்றம். பயிரழிக்கும் பன்றியின் தொல்லை மெய்யானது. அதனை மறுப்பவர் உழவரின் இரவை அறியாதவர். ஆயினும் அதற்குரிய வழி வனத்துறையிடம் முறையிடுவதே, துப்பாக்கியைத் தூக்குவதன்று.

இத்தடை நம்மவர்க்குப் புதிதுமன்று. இஹ்ராம் அணிந்தவர் தரைவேட்டை ஆடலாகாது என்று திருக்குர்ஆன் விலக்கியிருக்கிறது. ஏனைய காலத்தில் ஆகுமான ஒன்றையே ஒரு காலத்தில், ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ளும் பயிற்சி அது. கை எட்டும் தொலைவில் இருந்தும் எடுக்காதிருப்பவன் வலிமையற்றவன் அல்லன்.

"அப்படியானால் தொடங்கவே கூடாதா?" என்றார் இளைஞர். குறிபார்க்கும் கலையில் ஆசை இருந்தால் முறைப்படி பதிவுபெற்ற துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்து, ஆசானின் கண்முன் காகித இலக்கைச் சுடலாம் என்றோம். கொல்லிமலை மக்கள் தம்மிடமிருந்த நாட்டுத் துப்பாக்கிகளைக் காவல்துறையிடம் ஒப்படைத்ததை நாளிதழ்கள் பலமுறை வெளியிட்டுள்ளன. பாட்டன் கைபட்ட பொருளைப் பிரிவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆனால் பாட்டன் அதைப் பிடித்தது பேரன் பசியாற வேண்டும் என்பதற்காக. பேரனின் கை சிதைவதற்காக அன்று. பரணில் அப்படி ஒன்று இன்னும் கிடக்குமாயின், குடும்பத்துப் பெரியவர்களே முன்னின்று அதனை உரியவரிடம் சேர்ப்பிப்பது நலம். புகையில்லாத அமைதி வீட்டுக்கு அவ்வழியில்தான் வரும்.