ஆடப்படாத 48 ஆட்டங்கள்

முதலில் போனது சத்தம். மொன்றியல் ஒலிம்பிக் மைதானத்தில் எக்ஸ்போஸ் ஆடும்போது, ரசிகர்கள் பக்கத்தில் ஆளில்லாத கதிரைகளைக் கையால் தூக்கித் தூக்கி அடிப்பார்கள். கொங்கிரீட் சுவர்களுக்குள் அந்த ஓசை சுற்றிச் சுற்றி வரும். கூட்டம் குறைந்த நாளில்தான் அது கூடுதலாகக் கேட்கும். அடிப்பதற்கு வெறும் கதிரைகள் அத்தனை இருந்தன. இப்போது நான் வாழும் ரொறன்ரோவில் நல்ல மைதானம் இருக்கிறது. கூரை திறக்கும், மூடும். அணி வெல்கிறது, சனமும் நிறைகிறது. போகிறேன், பார்க்கிறேன், வீடு திரும்புகிறேன். அவ்வளவுதான்.

பிறகு ஒரு குரல். ஜாக் டூசே. 1972 முதல் 2004 வரை எக்ஸ்போஸ் அணியின் பேஸ்போல் ஆட்டங்களை வானொலியில் பிரெஞ்சில் சொன்னவர். உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவிய எங்களுக்கு, வந்த புதிதில் அந்த மொழியில் பழக்கமான ஒரே குரல் அதுதான். பிரெஞ்சில் எண்ணப் பழகியதே அவரிடமிருந்துதான். அவசரமில்லாத குரல். பந்து காற்றில் ஏறும்போது மட்டும் சற்றே உயரும், சமையல்காரரின் கரண்டி நிற்கும், எங்கள் கைகளும் நிற்கும், பந்து எங்கே விழுந்தது என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர்ச் சத்தம் மறுபடி தொடங்கும். உங்களுக்கும் அப்படி ஒரு வானொலிக் குரல் இருந்திருக்கும். அது நின்ற நாளும் நினைவிருக்கும்.

நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு அருகிலேயே ஜரி பூங்கா. 1969இல் எக்ஸ்போஸ் பிறந்தது அங்கேதான்; அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் மேஜர் லீக் அணி, 1967 உலகக் கண்காட்சியின் பெயரைச் சுமந்த அணி. வலப்பக்க வேலிக்கு அப்பால் நீச்சல் குளம் இருந்தது. எதிரணி வீரர் வில்லி ஸ்டார்ஜெல் அடித்த பந்து அதற்குள் போய் விழுந்த கதையை அயலில் இருந்த கிரேக்கக் கிழவர்கள் சொல்வார்கள். எக்ஸ்போஸின் செம்பட்டை முடிக்காரர் ரஸ்டி ஸ்டாப் பிரெஞ்சு கற்றுக்கொண்டு ஊராரோடு பேசியதையும் சொல்வார்கள். 1981 ஒக்டோபர் 19 பற்றி மட்டும் பேச மாட்டார்கள். அன்று ஒன்பதாவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸின் ரிக் மண்டே அடித்த ஒரு ஹோம் ரன், கேரி கார்ட்டரும் ஆந்த்ரே டோசனும் டிம் ரெய்ன்ஸும் ஆடிய எக்ஸ்போஸ் அணியை, இறுதிப் போட்டியான உலகத் தொடரின் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பியது.

தோல்வியைக்கூட ஒருவர் சீரணித்துக்கொள்ளலாம். 1994ஐ என்ன செய்வது?

வெளிமைதானத்தில் லாரி வோக்கர், மார்க்கிஸ் கிரிஸம், மொய்ஸெஸ் அலூ. பந்தெறிய 22 வயது பெட்ரோ மார்ட்டினெஸ். பயிற்சியாளர் பெலிப்பே அலூ, மொய்ஸெஸின் தகப்பன். 114 ஆட்டங்களில் 74 வெற்றி. அந்த ஆண்டு எந்த அணியும் அவ்வளவு வென்றிருக்கவில்லை. வேலை முடிந்து மெட்ரோவில் பி-நஃப் நிலையத்தில் இறங்கி, நிலத்துக்குக் கீழாகவே ஒலிம்பிக் மைதானத்துக்குள் நடந்துபோன அந்தக் கோடைகால மாலைகளில், இந்த முறை நிச்சயம் என்று முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஓகஸ்ட் 12. சம்பள உச்சவரம்பு பற்றிய பிணக்கில் வீரர்களின் வேலைநிறுத்தம். செப்டம்பரில் உலகத் தொடரே ரத்து. மிச்சம் 48 ஆட்டங்கள்.

ஆடவேயில்லை.

அடுத்த ஏப்ரலில், ஒரே வாரத்துக்குள், கென் ஹில், ஜோன் வெட்டலண்ட், கிரிஸம் மூவரையும் விற்றுத் தீர்த்தார்கள், வோக்கரையும் தக்கவைக்கவில்லை. காசில்லை என்றார்கள். அதற்குப் பிறகும் நான் போனேன். மண்ணில் குத்தி எழும்பும் பந்தையும் விடாமல் அடிக்கும் விளாடிமிர் குரேரோவுக்காகப் போனேன். ஆனால் வருபவர் ஒவ்வொருவரும் புறப்படத்தான் வருகிறார் என்று தெரிந்துவிட்ட பிறகு, கைதட்டுவது முன்போல இருக்கவில்லை. மார்ட்டினெஸ் 1997இல் சிறந்த பந்தெறிபவருக்கான சை யங் விருது பெற்றார். அடுத்த பருவத்தில் பொஸ்டனுக்கு ஆடினார்.

2004 செப்டம்பர் 29, உள்ளூரில் கடைசி ஆட்டம். அணி வொஷிங்டனுக்குப் போகிறது என்ற அறிவிப்பும் அன்றுதான் வந்தது. 31,395 பேர் வந்திருந்தார்கள். புளோரிடாவிடம் 9-1 என்று தோற்றார்கள். எனக்குப் பிறந்த ஊரும் இப்படித்தான், நான் அங்கே இல்லாமலே வேறு ஊராகிப் போனது. வந்த இடத்தில் கிடைத்த ஒன்றாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

2019இல் வொஷிங்டன் அணி உலகத் தொடரை வென்றது. எக்ஸ்போஸின் வாரிசு அதுதானே, உங்கள் அணி கடைசியில் வென்றுவிட்டது என்று சிலர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். எனக்கு அந்தக் கிண்ணம் வேண்டாம். அந்த 48 ஆட்டங்கள் வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை, மார்ட்டினெஸ் எறிந்து, வோக்கர் அடித்து, டூசே சொல்லக் கேட்டுக்கொண்டு தோற்கவேண்டும்.