தீவில் ஓர் அமைதியான உறைவிடம்

ஊர்விட்டு ஊர் செல்வோர் முதலில் நாடுவன உணவும் உறைவிடமும் ஆம். உணவு எங்கும் ஒருவாறு கிடைத்துவிடும். மனத்திற்கு இசைந்த உறைவிடம் கிடைப்பதே அரிது. அதுவும் கைப்பொருளுக்கு அடங்கியதாகவும், சந்தடியற்றதாகவும், முதியோர் முதல் குழந்தைகள் வரை அனைவருக்கும் ஏற்றதாகவும் இருத்தல் வேண்டுமெனின், அஃது எத்துணை அரியதென்பதைத் தேடியவரே அறிவர். 2025-ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் இராமேசுவரத் தீவில் நான்கு நாள் தங்கி வருதற்கு யாம் பட்ட பாட்டையும், அதனால் எதிர்பாராது பெற்ற பயனையும் நம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

எம்முடன் வந்தோர் எம் மனைவியும், பதினோரு வயது மகளும், ஆறு வயது மகனும், எழுபத்தாறு வயதுடைய தந்தையாரும் ஆவர். தந்தையார் இக்கல்லூரியின் பழைய மாணவர். பின்னர்ப் பள்ளி ஆசிரியராய் இருந்தவர். அவருக்குச் செவிப்புலன் குன்றிப் பல்லாண்டுகள் ஆயின. இரு காதுகளிலும் கருவி அணிந்துள்ளார். காதுக்கருவி அணிந்தவர்க்கு எல்லாம் நன்றாய்க் கேட்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அக்கருவி பேச்சை மட்டும் பெருக்குவதில்லை; விசிறியின் இரைச்சல், பாத்திரத்தின் ஒலி, தெருவின் ஓசை ஆகிய யாவற்றையும் உடன் பெருக்குகின்றது. ஆகவே இரைச்சல் மிகுந்த இடத்தில் அவர் கருவிகளைக் கழற்றிச் சிறு பெட்டியில் வைத்துவிட்டு மௌனமாய் அமர்ந்துவிடுவார். நகரின் நடுவே உள்ள எம் இல்லத்தில் அப்பெட்டி பெரும்பாலும் நிறைந்தே இருக்கும். அமைதியான இடத்தை யாம் தேடியது உறக்கத்திற்காக அன்று. அவரோடு நான்கு வார்த்தை பேசுவதற்காகவே.

புறப்படுவதற்கு ஒரு திங்களுக்கு முன்பே இடந்தேடத் தொடங்கினோம். கைப்பேசியில் விடுதிகளின் படங்கள் வரிசை வரிசையாய் வந்தன. வெண்மையான படுக்கையும், சாளரத்தின் வழியே தோன்றும் நீலக்கடலும் கண்ணைக் கவர்ந்தன. ஆயினும் படம் ஊமையன்றோ? அறையின் அழகைக் காட்டும் படம் அவ்வறையின் ஓசையைக் காட்டுவதில்லை. ஆகவே விடுதிகளுக்குத் தொலைபேசியில் பேசி, "இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் அங்கே என்ன கேட்கும்?" என்று வினவினோம். ஒருவர் நகைத்தார். ஒருவர், "குளிர்சாதன வசதி உண்டு, ஐயா" என்று வேறு விடை பகர்ந்தார். மற்றொருவர், "எல்லாம் அமைதிதான், வாருங்கள்" என்றார். அவர் கூறிய வாடகை நாளொன்றுக்கு 1,200 ரூபாய். எம் வரம்பு 1,500 ரூபாய் ஆதலின் அவர் சொல்லை நம்பி முன்பணம் அனுப்பினோம்.

குறித்த நாளில் மதுரையில் புகைவண்டி ஏறினோம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022-ஆம் ஆண்டு இறுதியிலேயே வண்டிப்போக்கு நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் வழியே யாம் கடலைக் கடந்தோம். பழைய பாலத்தின் நடுப்பகுதி இரு கதவுகள்போல் விரிந்து கப்பலுக்கு வழி விட்டது; புதியதன் நடுப்பகுதியோ முழுமையும் நேராக மேலே உயர்கின்றது. இவற்றை எம் மகனுக்கு விளக்கியவர் தந்தையார். 1968-இல் கல்லூரித் தோழர்களுடன் இத்தீவிற்கு வந்தவர் அவர். 1988-இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை தீவிற்கு இருப்புப்பாதையன்றி வேறு நிலவழி இல்லை. "அன்று சத்திரத்துத் திண்ணையில் படுத்தோம், கட்டணம் ஒன்றுமில்லை" என்று கூறி அவர் சிரித்தார்.

யாம் முன்பதிவு செய்த விடுதி கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் ஒன்றின் அருகே இருந்தது. பகலில் குறைகூற ஒன்றுமில்லை. இரவில்தான் அதன் இயல்பு விளங்கிற்று. பதினோரு மணிவரை வெளியூர்ப் பேருந்துகள் வந்த வண்ணமாய் இருந்தன. நள்ளிரவு கடந்து சிறிது கண்ணயர்ந்தோம். மூன்றரை மணிக்கெல்லாம் அண்டை அறைகளில் கதவுகள் திறக்கும் ஒலியும், வாளிகளின் ஓசையும், ஒருவரையொருவர் அழைக்கும் குரலும் எழுந்தன. இதில் எவரையும் குறைகூறுதற்கில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம். அதன்பின் கடலிலும் கோயிலினுள் உள்ள 22 தீர்த்தங்களிலும் நீராடல். அதற்கென்றே பன்னெடுந்தொலைவிலிருந்து வந்த மக்கள் உறங்கிக்கொண்டா இருப்பர்? அவர்களுக்கு அவ்விடம் மிகப் பொருத்தமானது, எமக்குத்தான் பொருந்தவில்லை. பொழுது விடிந்தபோது தந்தையார் கட்டிலின் ஓரத்தில் சுவரை நோக்கி அமர்ந்திருந்தார். கருவிகள் பெட்டியில் இருந்தன. வீட்டில் உள்ளது போன்றே இங்கும் ஆயிற்றே என்று மனம் வருந்தினோம்.

அன்று காலை மனைவியையும் பிள்ளைகளையும் கடற்கரைக்கு அனுப்பிவிட்டு, ஒரு தானியில் ஏறி வேறிடம் தேடப் புறப்பட்டோம். கடலை நோக்கிய விடுதிகள் சில கண்டோம். அவற்றின் வாடகை எம் வரம்பினைப் போல் மும்மடங்காய் இருந்தது. தானி ஓட்டிய இளைஞர் எம் தேவையைக் கேட்டறிந்து, "ஐயா, நீங்கள் ஊருக்குள் தேடுவதே தவறு. தங்கச்சிமடத்திற்கு வாருங்கள்" என்றார். பாம்பனுக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே தென்னந்தோப்புகள் சூழ அமைந்த ஊர் அது. மல்லிகை நாற்றுக்குப் பேர்பெற்றது. அதன் மணற்பாங்கான நிலத்தில் வளர்த்த நாற்றுகள் தமிழகத்தின் பல பகுதிகளுக்கும் செல்கின்றன.

பெருஞ்சாலையிலிருந்து உள்ளே சென்ற மணற்பாதையின் முடிவில் ஒரு வீடு. அதன் பின்கட்டில் இரண்டு அறைகளும் ஒரு தாழ்வாரமும் வாடகைக்கு இருந்தன. வீட்டுக்குரிய அம்மையார் அறுபது வயதினர்; நாற்றுத் தோட்டம் வைத்திருப்பவர். தொலைபேசியில் பலரிடமும் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டோம். அவர் நகைக்கவில்லை, சற்றுச் சிந்தித்து, "தம்பி, இங்கிருந்து கடல் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் பள்ளிவாசலில் பாங்கு கேட்கும். பிறகு மாதா கோயில் மணி கேட்கும். ஆறு மணிக்கு நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்ச அரைமணி நேரம் மோட்டார் ஓடும். இராத்திரியில் தென்னை மட்டை விழுந்தால் உண்டு. வேறொன்றும் இல்லை" என்றார். வாடகை 900 ரூபாய். குழாய்நீர் சற்று உவர்ப்பென்றும், குடிநீர் தனியே வாங்கித் தருவதாகவும் தாமே கூறினார். குறைகளை முன்வந்து கூறுவோரின் நிறைகளை நம்பலாம் என்பதை அன்று கற்றோம். "அக்கா, இன்றே வந்துவிடுகிறோம்" என்று கூறி மீண்டோம்.

மறுநாள் தனுஷ்கோடிக்குச் சென்றோம். 1964 டிசம்பரில் புயலால் அழிந்த அவ்வூரின் இடிந்த சுவர்களைப் பிள்ளைகள் வியந்து நோக்கினர். 2017-இல் திறக்கப்பட்ட சாலை அரிச்சல்முனை வரை செல்கின்றது. ஒருபுறம் பெண்கடல், மறுபுறம் ஆண்கடல் என்று மக்கள் வழங்குகின்றனர். அம்முனையில் வீசிய காற்றில் காதுக்கருவிகள் சீறத் தொடங்கவே, தந்தையார் அவற்றைக் கழற்றிவிட்டார். கடலைப் பார்த்தபடி உறையும் அறை எமக்கு வாய்த்திருப்பினும் பயன்பட்டிராது என்பது அப்போது விளங்கிற்று. எழிலும் அமைதியும் எப்போதும் ஓரிடத்தே வாழ்வதில்லை.

அன்றிரவு தாழ்வாரத்தில் பாய் விரித்து அமர்ந்தோம். விசிறி தேவைப்படவில்லை. தந்தையார் கருவிகளை அணிந்திருந்தார். எம் மகள், தன் பள்ளிக் கதைகளைக் கூறிக்கொண்டிருந்தவள், இடையே, "தாத்தா, நீங்கள் ஏன் வாத்தியார் வேலையை முன்னதாகவே விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டாள்.

இவ்வினாவை யாம் ஒருநாளும் கேட்டதில்லை. ஓய்வு பெறும் வயதிற்கு இரண்டாண்டுகள் இருக்கையில், 2005-இல், அவர் விருப்ப ஓய்வு பெற்றார். எம் தங்கையின் மேற்படிப்பு நடந்த காலம் அது. செலவுச் சுமை எம்மேல் விழுந்தது. தலைமை ஆசிரியருடன் ஏதோ பிணக்கு என்று யாமாகவே எண்ணி, வாய்விட்டுக் கூறாத மனத்தாங்கலை இருபது ஆண்டுகள் சுமந்திருந்தோம்.

அவர் மெல்லக் கூறினார்: "பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து ஏதோ கேட்டான், அம்மா. எனக்குச் சரியாய்க் கேட்கவில்லை. கேட்டதுபோல் ஒரு பதில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகு அவன் கேள்வியே கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்பது காதில் விழாதவனுக்கு அந்த நாற்காலி எதற்கு என்று தோன்றியது. உன் பாட்டிக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்."

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. எம் மகள் அவர் அருகே நகர்ந்து அமர்ந்து, "நான் சொல்வது கேட்கிறதா, தாத்தா?" என்றாள். "நன்றாகக் கேட்கிறது" என்றார். யாமும் கூறவேண்டியவற்றைக் கூறினோம். அவை இங்கு எழுதத்தக்கன அல்ல. எஞ்சிய இரண்டு இரவுகளிலும் உறங்கச் செல்லப் பன்னிரண்டு மணியாயிற்று.

இத்தீவிற்குக் குடும்பத்துடன் செல்ல விழைவோர்க்குச் சில சொற்கள். அமாவாசையை, சிறப்பாக ஆடி, தை அமாவாசைகளை, அமைதி நாடுவோர் தவிர்க்க. வழிபாட்டிற்கெனச் செல்வோர் கோயிலருகே தங்குக. ஓய்விற்கெனச் செல்வோர் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் நாடுக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ஏனைய காலத்தில் படகுத்துறையின் அண்மையில் தங்குவோர் எந்திர ஓசையை எதிர்நோக்குக. முதியோர் இருப்பின், படிகள் எத்தனை, கழிப்பிடம் எவ்வகை, குடிநீர் எங்கிருந்து என்பவற்றை வாடகைக்கு முன்னரே கேட்டறிக. இரவிலும் விடியலிலும் என்ன கேட்கும் என்று வினவ மறவற்க. அவ்வினாவிற்கு ஆழ்ந்து சிந்தித்து விடை கூறுவோரையே நம்புக.

மாணவ அன்பர்களுக்கு மற்றொன்றும் கூறுவோம். விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபின், எம் வகுப்பில் பின்வரிசை மாணவர் வினவும்போது யாம் எழுந்து அவர் அருகே செல்கின்றோம். அதன் காரணம் அறியாது சிலர் வியந்தனர். காரணம் இதுவே.

அம்மையாரின் பெயரும் இருப்பிடமும் இங்கு அச்சிடுதல் முறையன்று. வேண்டுவோர் தமிழ்த்துறை அறையில் எம்மை நேரிற் காண்க.